வேலியைச் சோதிப்பது பிழையா?

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எங்ஙனம் என்று நம் முன்னோர் கேட்டனர். அவ்வினாவிற்கு முன்னதாக எழ வேண்டிய வினா ஒன்று உண்டு. வேலி மேய்கின்றதா என்று பார்ப்பதற்கே நமக்கு மனம் துணிவதில்லையே, அஃது ஏன்? உடன் பணிபுரிபவரை ஐயுறுவது அறமா? ஐயுறாது விடுதல் அறமா? இதனை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

அண்மையில் நம் பேரன் 'ஸ்மோக்' என்னும் அமெரிக்கத் தொடர்நாடகம் ஒன்றைக் கணினியில் காட்டினான். 'புகை' என்பது அப்பெயரின் பொருள். நாவலாசிரியர் டென்னிஸ் லெஹேன் படைத்த அத்தொடர், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனத்தால் வெளியிடப்பெற்றது. தீ வைப்புக் குற்றங்களைப் புலனாயும் அதிகாரியே தீ வைப்பவனாக இருப்பது அதன் கதை. இது கற்பனையின் மிகை என்றோம். "இல்லை பாட்டி, இதற்கு மூலமான நிகழ்ச்சி உண்மையாகவே நடந்தது" என்றான் அவன். அதன் விவரங்களைத் தேடிப் படித்தபோது நம் உறக்கம் கெட்டது.

கலிபோர்னியா மாநிலத்தில் கிளென்டேல் என்னும் நகரின் தீயணைப்புத் துறையில் கேப்டனாகவும் புலனாய்வாளராகவும் விளங்கியவர் ஜான் லியோனார்ட் ஓர். தீ எவ்விடத்தில் தோன்றியது என்று கண்டறிவதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தெற்குப் பசடேனாவில் ஒரு பெரிய அங்காடி எரிந்து நால்வர் மாண்டனர். இருவர் கடை ஊழியர். மற்ற இருவர் ஒரு பாட்டியும் மூன்று வயது நிரம்பாத அவருடைய பேரனும். அதனை ஆராய்ந்தோர் தற்செயலாக நேர்ந்த விபத்து என்று முடிவு கட்டினர். அன்று, இல்லை, இஃது எவரோ வைத்த தீ என்று வற்புறுத்தினார் ஜான். அவர் கூறியது உண்மை. அவ்வுண்மை அவருக்கு எவ்வாறு தெரிந்தது என்பதை எவரும் கேட்கவில்லை.

1987ஆம் ஆண்டு ஜனவரியில் பிரெஸ்னோ நகரில் தீ வைப்புப் புலனாய்வாளர் மாநாடு ஒன்று நடைபெற்றது. அந்நாள்களில் அங்கும் வழியிலுள்ள ஊர்களிலும் கடைகள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. பேக்கர்ஸ்பீல்ட் நகரக் கடையொன்றில் எரியாது எஞ்சிய மஞ்சள் நிறக் கோடிட்ட தாளில் ஒரு விரல் ரேகை கிட்டியது. அந்நகரின் தீயணைப்புக் கேப்டன் மார்வின் கேசி, மாநாட்டிற்கு வந்த புலனாய்வாளருள் ஒருவரே இதைச் செய்திருத்தல் கூடும் என்று கருதினார். அதனை ஏற்க உடனிருந்தோர்க்கு மனம் வரவில்லை. 1989இல் மற்றொரு மாநாட்டின்போதும் அவ்வாறே தீ எழுந்தது. இரண்டிற்கும் வந்தவருள் ஐயத்திற்கு இடமானோர் பதின்மர் என்று கணக்கிட்டு, அவர்தம் ரேகைகளை ஒப்பிட்டனர். எவருடையதும் பொருந்தவில்லை என்று விடை வந்தது. ஆனால் அப்பதின்மருள் ஜானும் இருந்தார்! 1991இல் மீண்டும் ஒப்பிட்டபோதுதான் அது அவருடைய ரேகை என்பது புலப்பட்டது. 1998இல் நால்வரின் கொலைக்காக அவர்க்கு வாழ்நாள் சிறை விதிக்கப்பெற்றது. தீயணைப்பு வீரனே தீ வைப்பதாக அவர் எழுதி வைத்திருந்த நாவலும் வழக்கில் சான்றாயிற்று.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஐயுறுதல் தீது என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. பதின்மருள் ஒன்பதின்மர் குற்றமற்றவர்; பல்லாண்டு நெருப்பினுள் புகுந்து பிறரைக் காத்தவர். தம் ரேகையும் ஒப்பிடப்பெற்றது என்று அறிந்தால் அவர் உள்ளம் புண்படாதா? ஆயினும் தராசின் மறுதட்டையும் நோக்க வேண்டும். 1987க்கும் 1991க்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. அந்நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர் நம்பியவர் அல்லர். கடைகளிலும் வீடுகளிலும் இருந்த அயலார். நம் பொருளைப் பணயமாக வைத்து ஒருவரை நம்புதல் நம் பெருந்தன்மை. பிறர் உயிரைப் பணயமாக வைத்து நம்புதற்கு நமக்கு உரிமை ஏது?

இதனை எழுதும் நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற மூன்றாம் ஆண்டில், நாம் பணியாற்றிய பள்ளியில் மாணவரின் சிறுசேமிப்புப் பணம் நாற்பத்திரண்டு ரூபாய் காணாமற் போயிற்று. அறையைப் பெருக்கிய ஆறாம் வகுப்பு மாணவன்மீது ஐயம் எழுந்தது. நாமே அவன் பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. செங்கற் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வியுற்றோம். பேழையின் சாவியை வைத்திருந்தவர் எம்மினும் மூத்த ஆசிரியர் ஒருவர். அவரிடம் ஒரு சொல் கேட்பதும் மரியாதைக் குறைவு என்று எண்ணினோம். எடுத்தவர் அவரே என்பது மறு ஆண்டு வெளிப்பட்டது.

அன்று நாம் செய்த பிழை ஐயுற்றது அன்று. சிறியவனை மட்டும் ஐயுற்றதே பிழை. பெரியவரிடம் நாம் காட்டியது நம்பிக்கையும் அன்று; அஃது அச்சம். அச்சத்திற்கு மரியாதை என்று பெயரிட்டுக்கொண்டோம்.

பழி கூறுதல் வேறு, சோதித்தல் வேறு. பழி ஒருவரைச் சுட்டுகிறது. சோதனை அனைவர்க்கும் ஒரே அளவுகோலை நீட்டுகிறது. கேசி சான்றின்றி ஒருவரையும் குற்றவாளி என்று தூற்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றே கேட்டார். அன்று எம் பள்ளியில் சாவி வைத்திருந்தவர் முதலாகப் பெருக்கியவன் ஈறாக அனைவரையும், நம்மையும் சேர்த்து, ஒருங்கே வினவியிருப்பின் அச்சிறுவன் தனித்துத் தலைகுனிந்திரான். மேலும், சோதனையும் பிழைக்கும் என்பதை 1989ஆம் ஆண்டின் தவறான விடை உணர்த்துகின்றது. ஒருமுறை பார்த்தாயிற்று என்று ஓய்ந்துவிடாது மீண்டும் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

ஆதலின் பொறுப்பில் இருப்போர்க்கு நாம் கூற விரும்புவது இஃதொன்றே. குடும்பத்திலாயினும் சங்கத்திலாயினும் பிறர் கேட்குமுன் நாமே கணக்கேட்டைத் திறந்து வைப்போமாக. நேர்மையானவர்க்கு அதனால் இழப்பு இல்லை. கேட்கத் துணியாத எளியவர்க்கோ அதுவே காப்பு. அம்மாணவன் இன்று எங்கிருப்பினும் அறுபதைக் கடந்திருப்பான். அவன் பையில் அன்று நாம் கண்டவை ஒரு சிலேட்டும் இரண்டு புளியம்பழங்களுமே.