ஒரு மண்டலம்

பழைய பென்டியம் சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், பலவற்றில் ஓர் ஓரமாக ஐந்து ஆங்கில எழுத்துகள் பொடியாக அச்சாகியிருக்கும். மலேசியாவைக் குறிக்கும் எழுத்துகள். சிலிக்கானில் சுற்றுப் பொறித்தது வேறு நாடாக இருக்கலாம். அதற்கு உறையிட்டு, ஊசிக்கால் பதித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து உலகத்துக்கு அனுப்பியது இந்த மண். இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையை 1972-இல் பினாங்கில் தொடங்கியது. கெடாவில் கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. கெடா தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்ற குடும்பங்களின் பெண்பிள்ளைகள், அடுத்த தலைமுறையில் அதே இருட்டில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்றார்கள். லூனாஸிலும் பாடாங் செராயிலும் இதைக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஓர் அக்காவோ சின்னம்மாவோ இருப்பார்கள்.

பால்மரம் சீவியவர்களின் கைநிதானத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஒரு சீவலுக்குப் போகும் பட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்தக் கைகளுக்குப் பிறந்த கைகள் உருப்பெருக்கியின் கீழ் சில்லுகளைப் பார்த்துத் தரம் பிரித்தன. அவர்கள் பெயர் எந்தச் சில்லிலும் இல்லை. அந்த ஐந்து எழுத்துகள்தான் அவர்களுக்கும் சேர்த்து நிற்கின்றன.

அப்படி ஒரு சில்லை வைத்துத்தான் நான் இப்போது ஒரு பழைய கணினியைக் கட்டியிருக்கிறேன். பென்டியம் எம்எம்எக்ஸ், 166 மெகாஹெர்ட்ஸ். 1997 ஜனவரியில் வெளிவந்த வகை. அதற்குள் 45 லட்சம் டிரான்சிஸ்டர்கள். இன்றைய நல்ல கைப்பேசியின் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன. இதில் ஓடுவது விண்டோஸ் 95. அதற்கான ஆதரவையும் திருத்தங்களையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இதனால் பயன் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். பயன் கருதாமல் ஒரு பொருளின் அருகில் உட்கார்ந்திருப்பதை நம்மவர்கள் பூசை என்று சொல்லிப் பழகியவர்கள் என்பதால், எனக்கு அந்தக் கேள்வி தொந்தரவாக இல்லை.

புதிய கணினியிலேயே அந்தப் பழைய இயங்குதளத்தை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். நேரடியாக ஏற்றினால் ஏறாது. காரணத்தை அறிந்தபோது நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் 95 கண்விழிக்கும்போது, அதன் ஒரு பகுதி தன்னைச் சுமக்கும் பொறியின் வேகத்தை அளந்துகொள்கிறது. ஒரு சின்னச் சுற்றைப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான தடவை ஓடவிட்டு, அதற்கு ஆன நேரத்தால் வகுக்கிறது. பொறி ஏறக்குறைய 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால், ஆன நேரம் அதன் கடிகாரத்தில் பதிவதற்குள் சுற்று முடிந்துவிடும். நேரம் சுழியம் என்று வரும். சுழியத்தால் வகுக்கப் போய் அப்படியே நின்றுவிடும். இதைச் சரிசெய்ய ஒட்டுப்போடும் நிரல்கள் உண்டு. ஆனால் அந்தப் பிழையே எனக்குப் போதுமான பாடமாகப் பட்டது. பொறியின் வேகத்தில் குற்றமில்லை. தன்னை அளக்க ஒரு கணம்கூடக் கிடைக்காததால்தான் பழையது தடுமாறுகிறது. அப்பா ஒரு கதையைத் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிட்டதென்று எழுந்து போகிற நாமும் அப்படித்தான் அவருடைய காலத்தைச் சுழியமாக்குகிறோம்.

ஆகவே பழைய பொறியே வேண்டும். அதன் நடைக்கு நாம்தான் இறங்கிவர வேண்டும்.

இறங்கிவருவது திருப்புளி பிடித்த கையில் தொடங்குகிறது. இந்தக் காலத்து மதர்போர்டு, சில்லைச் செருகியதும் அது எது, எவ்வளவு மின்னழுத்தம் கேட்கும் என்று தானே தெரிந்துகொள்ளும். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஜம்பர் என்னும் அரிசி அளவு பிளாஸ்டிக் மூடிகளை ஊசிகளின் மேல் இடம் மாற்றிப் பொருத்திச் சொல்ல வேண்டும். எம்எம்எக்ஸ் வகையின் உள்மையத்துக்கு 2.8 வோல்ட், அதற்கு முந்தைய பென்டியங்களுக்கு 3.3 வோல்ட் வழக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே சாக்கெட்டில் உட்காரும். தவறாக வைத்துவிட்டால் சில்லு சூடேறி உயிரை விடலாம். போர்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் அச்சிட்ட அட்டவணையைக் குனிந்து படித்து, வைத்து, எடுத்து, மறுபடி படித்து வைக்கிறபோது மூச்சு தானாகவே மெதுவாகிறது. அதற்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை.

நினைவகத்தையும் இரண்டிரண்டாகத்தான் வைக்க வேண்டும். 72 ஊசி சிம் பட்டை ஒரு வேளைக்கு 32 பிட் தரும். பென்டியமோ 64 பிட் அகலத்தில் வாங்கும். ஒற்றைப் பட்டையை வைத்தால் திரை விழிக்காது. பட்டையின் தொடுமுனைகளில் கருத்திருந்த அழுக்கைப் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் தேய்த்தேன். ஐந்தாறு இழுப்பில் மங்கல் விலகி உலோகம் பளிச்சென்றது. சில்லின் மேல் காய்ந்து வெடித்திருந்த வெப்பப் பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்துப் புதிதாக இட்டேன். கோயிலில் அஷ்டபந்தன மருந்து சாத்தும்போது சிற்பியாரும் குருக்களும் காட்டுகிற கவனம் நினைவுக்கு வந்தது. திருமேனிக்கும் பீடத்துக்கும் நடுவே இருக்கிற மருந்து பன்னிரண்டு ஆண்டில் தளர்ந்துவிடும் என்று கொண்டுதான் குடமுழுக்கு வைத்திருக்கிறார்கள். எதுவும் ஒருமுறை கட்டி முடிந்துவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் நாட்காட்டியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

இதைச் செய்கிற மேசையிலிருந்து சிறிது தூரத்தில், கூலிம் பூங்காவின் ஆலைகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. ஷிஃப்ட் மாறும், விளக்கு அணையாது. சில்டெரா ஆலையில் 200 மில்லிமீட்டர் சிலிக்கான் தகடுகளின் மேல் சில்லுகள் உருவாகின்றன. இன்ஃபினியான் தன் சிலிக்கான் கார்பைடு ஆலையை 2024 ஆகஸ்டில் திறந்தது. தூய அறைகளில் மிக உயர்ந்த தரத்துக்குப் பழைய அளவை ஒன்று உண்டு: ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்குப் பெரிதோ ஆன துகள் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே உழைக்கிற பிள்ளைகள் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அந்த ஆலைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அவற்றால்தான். ஆனால் ஒரு பொருள் பிறக்கிற இடத்தில் அதன் முதுமையையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிரசவ வீட்டுக்குப் போகிற ஊர், படுத்திருக்கும் கிழவியையும் போய்ப் பார்க்கும் அல்லவா.

எல்லாம் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஒரு பீப். திரையில் நினைவகத்தின் எண்ணிக்கை ஏறுகிறது, கண்ணால் தொடரக்கூடிய வேகத்தில். 32768-இல் நிற்கிறது. பேட்டரி செத்துப்போயிருந்ததால் தேதி 1980 ஜனவரி 1. டாஸ் இயங்குதளம் அறிந்த முதல் நாள் அதுதான். அந்த வழியில் வந்த கோப்பு முறையில் ஆண்டைக் குறிக்க ஏழு பிட்டுகள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 1980-இல் தொடங்கி 2107-இல் அதற்குக் காலம் முடிகிறது. தன் தொடக்கமும் முடிவும் இன்னதென்று உள்ளுக்குள்ளேயே எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது, வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மனம் லேசானது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு.

இன்டெல் வழிவந்த சில்லுகளுக்கு 1978-இன் 8086 காலத்திலிருந்தே ஓர் ஆணை தெரியும். 'நில்' என்பது அதன் பொருள். அதைப் பெற்ற சில்லு வேலையை நிறுத்திக் காத்திருக்கும். விசை தட்டினாலோ கடிகாரம் தொட்டாலோ அந்தக் கணமே எழும். விண்டோஸ் 95 வேலையில்லாத நேரத்திலும் இந்த ஆணையைச் சில்லுக்குக் கொடுப்பதில்லை. நீங்கள் திரையைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், உள்ளே அது வெறும் சுற்றில் முழுவேகமாக ஓடிக்கொண்டே இருக்கும். சில்லின் மேலுள்ள வெப்பத்தகட்டில் விரல் வைத்தால் தெரியும். கண்ணை மூடி அமர்ந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கையில் வேலை இருக்கும்போது ஓடுவதைவிட, வேலை ஓய்ந்த பிறகுதான் மனம் அதிகம் ஓடுகிறது. சூடும் அப்போதுதான் அதிகம்.

அந்தக் காலத்தில் பலர் இதைக் கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டைக் குறை சொன்னார்கள். ரெயின் என்றும் வேறு பெயர்களிலும் சிறு நிரல்களை ஏற்றிச் சில்லைக் குளிர்வித்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் பொறியாளர் ரேமண்ட் சென் பிற்பாடு காரணத்தை எழுதினார். 'நில்' ஆணையைச் சேர்த்துத்தான் முதலில் சோதித்திருக்கிறார்கள். சில மடிக்கணினிகள் நின்றவை நின்றபடியே உறைந்துபோயின, மீட்கவே முடியவில்லை. அந்தக் கணினிகள் ஏற்கெனவே விற்று மக்கள் கைக்குப் போய்விட்டவை. எனவே ஆணையை எடுத்துவிட்டார்கள். யாரோ சிலருடைய கருவி சாகக் கூடாது என்பதற்காக உலகத்திலிருந்த மற்ற எல்லாக் கருவிகளும் கொஞ்சம் சூடாகவே ஓடின. அவற்றை வைத்திருந்தவர்கள் ஏசினார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதைப் படித்த நாளிலிருந்து, காரணம் புரியாமல் சூடாக ஓடுகிற மனிதர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் எரிந்துவிழும் அண்ணனைக் கண்டால், யாரை நிற்கவிடாமல் காப்பாற்ற அவர் நிற்காமல் ஓடுகிறார் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது. என் பொறியில் மட்டும் அந்தக் குளிர்விக்கும் நிரலை ஏற்றியிருக்கிறேன். இதற்கு அந்த நோய் இல்லை. சிறிது நேரத்தில் தகட்டில் விரலை வைத்தால் வெதுவெதுப்புத்தான்.

தமிழும் இதற்குள் இருக்கிறது. இந்த நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். முரசு அஞ்சல் வழியாகத்தான் 90-களில் பலர் கணினியில் முதல் தமிழ் எழுத்தைப் பார்த்தார்கள். அப்போது ஒருங்குறி நம் கைக்கு வரவில்லை. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுக்க முயன்றார்கள். அந்நாளில் தட்டிய ஒரு கோயில் திருவிழா அறிவிப்பை இன்றைய கணினியில் திறந்தால், தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகக் குவியும். மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் உரிய எழுத்துருவோடு இந்தப் பழைய திரையில் திறந்தபோது, 'அன்னதானம் வழங்கப்படும்' என்ற வரி அன்று அதைத் தட்டியவர் கண்ட அதே வளைவுகளோடு வந்து நின்றது. கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அருகில் எழுத்துரு இருந்தால் அவை அருள்வாக்கு, இல்லையென்றால் இரைச்சல். எத்தனையோ பெரியவர்களின் பேச்சும் நமக்கு இரைச்சலாகப் போனது அவர்கள் குறையால் அல்ல.

பழையதை எதுவரை சீர்செய்வது என்பதற்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. மெர்போக்கில், புஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. கடாரத்தின் பழைய கோயில்களில் ஒன்று. காட்டுக்குள் குலைந்துகிடந்த அதன் கற்களை 1959, 60 வாக்கில் அலஸ்டர் லேம்ப் என்ற ஆய்வாளர் தலைமையில் எடுத்து அடுக்கிக் கட்டினார்கள். தூண்களைத் தாங்கிய கல் அடிகள் இன்றும் இருக்கின்றன. மரத்தாலான மேற்கூரை மக்கிப்போய்விட்டது. இல்லாத கூரையை அவர்கள் கற்பனையாகக் கட்டவில்லை. வானத்துக்குத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். அங்கே போனால் எனக்குப் பிடிப்பது அந்த நேர்மைதான். என் கணினிப் பெட்டியும் பழுப்பேறியிருக்கிறது. பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 95 தான் விழித்தது முதல் எத்தனை மில்லி நொடி ஆனதென்று 32 பிட்டில் எண்ணிக்கொண்டே இருக்கும். 49 நாள் 17 மணி 2 நிமிடம் கடந்ததும் அந்த எண்ணிக்கை நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வரும். அப்போது கணினி உறைந்துபோகக்கூடும். 1999-இல்தான் மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாமல் வைத்திருக்கிறேன். குடமுழுக்கு முடிந்தால் மண்டலாபிஷேகம் 48 நாள். ஒரு மண்டலத்தை முழுதாக முடித்துவிட்டு, மேற்கொண்டு ஒரு நாளும் பதினேழு மணி நேரமும் மிச்சம் வைத்திருக்கிற பொறி இது. 48-ஆம் நாள் மாலை முறைப்படி மூடுவேன். அந்தக் காலத்து மின்பெட்டி என்பதால் அது தானாக அணையாது. இனி அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் திரை சொல்லும், சுவிட்சை நம் கைதான் அழுத்த வேண்டும். பிறகு மூடியைத் திறந்து தூசி தட்ட வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டும், பசை எப்படி இருக்கிறதென்றும் பார்க்க வேண்டும். மூலையில் ஒரு கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருக்கிறது. அதையும் அப்போதே ஈயம் உருக்கி மாற்றிவிட்டு, அடுத்த மண்டலத்தைத் தொடங்கலாம்.