ஒன்பதாவது கட்டம்

மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக் எரிக்சனின் அட்டவணையை நம் ஊர் பி.எட். மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா என்று தொடங்கி, முதுமையில் நிறைவா விரக்தியா என்று அது முடியும். ஒவ்வொரு வயதிலும், சுற்றியிருப்பவர்களோடு சேர்ந்தே தீர்க்கக்கூடிய ஒரு சிக்கல் மனிதனுக்குக் காத்திருக்கிறது என்பது அதன் சாரம். மன வளர்ச்சி பிள்ளைப் பருவத்தோடும் விடலைப் பருவத்தோடும் முடிந்துவிடுகிறது என்று பலரும் எண்ணிய காலத்தில், அதைச் சாகும்வரை நீட்டியது பெரிய காரியம். ஆனால் அந்த அட்டவணை நூலில் வெளிவந்த 1950இல் எரிக்சனுக்கு வயது 48. முதுமையை அவர் தூரத்திலிருந்துதான் பார்த்தார்.

அட்டவணையை உடனிருந்து உருவாக்கியவர் அவர் மனைவி ஜோன். முதலில் போட்டபோது ஏழு கட்டங்களே இருந்தன, தாங்கள் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த நடுவயதையே விட்டுவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது என்று அவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த இருவருக்கும், அடுத்த தலைமுறையை ஆளாக்கும் அந்தப் பருவம் கண்ணில் படவில்லை. நின்ற இடமே தப்பியது என்றால், போய்ச் சேராத இடம் எப்படிப் பிடிபடும்?

எரிக்சன் 1994இல், 91 வயதில் காலமானார். தொண்ணூறைக் கடந்த ஜோன் ஒன்பதாவது கட்டம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். 1997இல் அது ஒரு நூலின் அத்தியாயமாக வந்தது. அதே ஆண்டில் அவரும் இறந்தார். அந்த அத்தியாயத்தில் அவர் செய்த ஒரு மாற்றம் என்னை உலுக்கியது. பழைய அட்டவணையில் நல்லது முன்னால் நிற்கும், நம்பிக்கைக்குப் பிறகே அவநம்பிக்கை. ஜோன் கசப்பானதை முன்னால் கொண்டுவந்து வைத்தார். எண்பது, தொண்ணூறுகளில் முதலில் வருவது அவநம்பிக்கைதான், அதுவும் சொந்த உடம்பின் மீது. இரண்டு வயதில் வென்றெடுத்த சுதந்திரத்தை டாக்டரும் வக்கீலும் பிள்ளைகளும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். தாண்டி வந்ததாக நினைத்த கட்டங்கள் எல்லாம் மறுபடி எதிரே வந்து நிற்கின்றன.

ஓய்வூதியர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் நவம்பர் மாதத்தில் வங்கிக் கிளைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரேகை தேய்ந்த கட்டைவிரலைக் கருவியில் வைக்கிறார் ஒரு பெரியவர். பதியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். கவுன்டரில் இருப்பவர் நிமிர்ந்து, அவருக்குப் பின்னால் நிற்கும் மகனைப் பார்த்து, “சார், அப்பாவ வேற வெரல வைக்கச் சொல்லுங்க” என்கிறார். பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும். முகத்தைப் பதிவு செய்யும் வசதி 2021இலேயே வந்துவிட்டது. அவரிடம் நேரே பேசும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை.

நம் இலக்கியமும் வயதைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை குழந்தையை எத்தனை நுட்பமாகக் கவனிக்கிறது! தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை போட்டு வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தது. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில், அதாவது 40 வயதில், அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் வாழும் இன்னொரு நாற்பது ஆண்டுகளைப் பாட யாருக்கும் தோன்றவில்லை. பாடியவர்கள் பார்க்க விரும்பியது அவ்வளவுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதுமையைப் பற்றி நம்மிடம் புலம்பல் உண்டு, அறிவுரை நிறையவே உண்டு. மாதம் மாதமாகப் பார்த்த கண் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலர் ஒன்பதாவது கட்டத்தையும் வாழ்ந்து பார்ப்பார்கள். இப்போதே அதில் இருப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதற்கு மேல் நாம் அவர்களிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு நாளில் எந்த நேரம் கனக்கிறது, எந்த வேலையை யாரிடமும் விட மனம் வரவில்லை, கூடப் படித்தவர்களில் கடைசியாக யார் போனார், இன்னும் எதற்காகக் கோபம் வருகிறது என்று கேட்டால் சொல்வார்கள். சொல்கிற சொல்லிலேயே அதைப் பிள்ளைகள் எழுதி வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.