ஒத்திகைக்குக் கூலி உண்டா?

விருதுநகரில் அக்கா வீட்டு மொட்டை மாடி. சாயங்காலம் ஆறு மணி. காயப்போட்டிருந்த வடகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அக்கா மகள் டென்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

இமயமலையில் பத்து நாள் நடக்கப் போகிறாளாம். வீடு, சாப்பாடு எல்லாம் முதுகில். கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் கம்பியை வளைத்து மாட்டுவதும், துணியை இழுத்துக் கட்டுவதும், மறுபடி பிரித்துச் சுருட்டிப் பைக்குள் திணிப்பதுமாக ஒரே அமர்க்களம். சிமென்ட் தரையில் முளை இறங்காதே? நாலு மூலைக்கும் நாலு செங்கல்.

''கல்யாணப் பந்தல் போடுறவன்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டான்'' என்றாள் அக்கா. ''டேய், நீயாவது சொல்லேன். குரங்கணியில என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல எழுதினவன்தானே நீ?''

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு எந்த அம்மாவையும் சமாதானப்படுத்த முடியாது. நான் வாயே திறக்கவில்லை.

முதல் நாள் டென்ட் எழும்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் பத்து நிமிடம். நாலாம் நாள் மாடி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கட்டினாள். அடுத்த நாள் என் கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து, ''நான் கட்டிக்கிட்டு இருக்கும்போதே மேல ஊத்துங்க மாமா. எப்பன்னு சொல்லக் கூடாது'' என்றாள். ஊற்றினேன். (விருதுநகரில் ஒரு வாளித் தண்ணீரை இப்படி வீணாக்கியதற்கு அக்கா சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.)

''இதையெல்லாம் அங்க போய்ப் பழகிக்கக் கூடாதா?'' என்றேன்.

''பழகிக்கலாம் மாமா. ஆனா நான் பழகுற நேரத்துல, கூட வந்தவ நனைவா.''

அது இரண்டு பேர் படுக்கிற டென்ட்.

முன்கூட்டித் தயாராவதை நாம் சொந்த சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். செய்தால் கெட்டிக்காரர், செய்யாவிட்டால் சோம்பேறி, நஷ்டம் அவருக்குத்தான். இந்தப் பெண்ணோ, ஒத்திகை பார்க்காமல் கிளம்புவதை அடுத்தவருக்குச் செய்கிற தப்பாக நினைக்கிறாள். தெரியாத்தனத்துக்கு விலை உண்டு. பல சமயம் அதைக் கொடுப்பது தெரியாதவர் அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர்.

'அனுபவம் கற்றுக் கொடுக்கும்' என்று சொல்கிறவர்களுக்கு பவர்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். 1911 ஜூலை. தென்துருவக் கண்டத்தின் நடுக்குளிர்காலம். வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்டு என்று மூன்று பிரிட்டிஷ்காரர்கள் பெங்குவின் முட்டை தேடி நடந்து போனார்கள். புயல் அவர்களுடைய கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குளிரில் கூடாரம் இல்லையென்றால் திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை. புயல் ஓய்ந்து தேடியபோது, சரிவில் கொஞ்ச தூரம் கீழே அது கிழியாமல் கிடைத்தது! அதன் பிறகு பவர்ஸ் கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன்னோடு கட்டிக்கொண்டுதான் தூங்கினாராம். அருமையான பாடம்தான். ஆனால் கூடாரம் திரும்பக் கிடைத்ததால்தானே அது பாடம்?

திரும்பக் கிடைக்காத இடங்களும் இருக்கின்றன. விருதுநகரிலிருந்து தெற்கே சாத்தூர், அங்கிருந்து மேற்கே சிவகாசி. அந்த வாரமே ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஒரு கிராமத்து டீக்கடையில், இருபத்தைந்து வருஷமாகப் பட்டாசு வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வாளித் தண்ணீர் இன்னும் மனசில் இருந்ததோ என்னவோ, ''பயமா இல்லையாம்மா?'' என்று கேட்டுவிட்டேன்.

''அதெல்லாம் பழகிப்போச்சு சார். பயந்தா வேலை ஓடுமா?''

பழக்கம் வேறு, பயிற்சி வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் நடப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கம். நடக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்வதைச் செய்து பார்ப்பது பயிற்சி. இருபத்தைந்து வருஷம் மருந்தைத் தொட்ட கைக்கு, மருந்தை எப்படித் தொடுவது என்று தெரியும். தீப்பிடித்தால் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, ஒன்றும் நடக்காமல் போகிற ஒவ்வொரு நாளும் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. பட்டாசு செய்யும் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் மருந்துப் பக்கம் இரும்புச் சாமான் ஆகாது. போர்மேன்களுக்கும் சூபர்வைசர்களுக்கும் அரசாங்கம் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. இருந்தும் விபத்துக்கு மறுநாள் பேப்பரில் என்ன படிக்கிறோம்? அறையில் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை.

''எப்பவாவது மணி அடிச்சு, எல்லாரும் வெளிய ஓடிப் பார்த்திருக்கீங்களா?'' என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். ''ஓடுற நேரத்துக்கு யாரு சார் கூலி குடுப்பா?''

எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவர். எத்தனை செய்தாரோ அத்தனைக்குத்தான் காசு. பத்து நிமிடம் ஓடிப் பார்த்தால் பத்து நிமிடக் கூலி போச்சு. நான் பி.காம். படித்தவன், எந்தச் செலவைப் பார்த்தாலும் இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் புத்தி போகும். விபத்து நடந்தால் நிவாரணம் என்று ஒரு தொகை எழுதலாம். நடக்காமல் தடுத்த விபத்துக்கு வவுச்சர் கிடையாது. அதனால் அந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை. அதைச் செய்ய வேண்டிய கடமையும் யார் தலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. என் அக்கா மகளுக்கு மாடி இருக்கிறது, லீவு இருக்கிறது, தண்ணீர் ஊற்ற ஒரு மாமாவும் இருக்கிறான். ஒத்திகை என்பதே வசதியுள்ளவர் சமாச்சாரமாகிவிட்டதோ?

சரி, ஆளுக்குப் பத்து நிமிடக் கூலி கொடுத்து ஓடச் சொன்னால் போதுமா? அதுவும் சடங்காகலாம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். பேனர், உறுதிமொழி, மிக்சர், டீ என்று முடித்துவிட நமக்கா தெரியாது! எப்போது ஊற்றப்போகிறார்கள் என்று தெரியாத வாளித் தண்ணீர் இருந்தால்தான் அது ஒத்திகை.

2012 செப்டம்பர் 5-ஐ சிவகாசிப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் தீப்பிடித்து 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதலில் கிளம்பிய புகையைப் பார்த்து உதவ ஓடிவந்தவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள். அடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். ஓடிப்போய் உதவ நினைத்தது தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர்களிடம் நல்ல மனசுக்கோ தைரியத்துக்கோ குறைவில்லை. ஆனால் எரிகிற மருந்து அறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது தைரியத்தால் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை. யாராவது முன்னாலேயே கூட்டிப்போய், 'இந்தக் கோட்டைத் தாண்டாதே' என்று காட்டியிருக்க வேண்டும். ஆலைக்குள் இருப்பவருக்கு மட்டுமல்ல, வெளியே ஊரில் இருப்பவருக்கும். அந்த வேலைக்கும் கூலி இல்லை.

டீ குடித்து முடித்து எழுந்தபோது அந்த அம்மாவே சொன்னார். ''ஓடியெல்லாம் பார்த்ததில்ல சார். ஆனா ஒண்ணு, புதுசா வர்ற புள்ளைகள உள்பக்கம் உக்கார விடமாட்டேன். கதவுகிட்டதான் உக்கார வைப்பேன்.''

''நீங்க?''

''நான் உள்ள. எனக்குத்தான் பழகிப்போச்சே.''