பாடாத சுவர்க்கோழி

கதை எழுதுகிறவர்களுக்குச் சுவர்க்கோழி செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. நடுநிசி என்று எழுதிவிட்டால் அடுத்த வரியில் அது கத்தியாக வேண்டும். கத்தாவிட்டால் வாசகருக்கு இருட்டிய மாதிரியே இராது. கூலி கேட்காத சிப்பந்தி!

ஆனால் அது நமக்காகக் கத்தவில்லை. ஆண் பூச்சியின் ஒரு சிறகில் அரத்தின் பற்கள் போல வரிவரியாக இருக்கும். இன்னொரு சிறகின் விளிம்பால் அதைச் சுரண்டிப் பெண்ணைக் கூப்பிடுகிறது. ஹவாய்த் தீவுகளில் இந்தக் கூப்பாட்டை இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் ஈ. ஆர்மியா என்று பெயர். அதன் இரு செவிகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். ஆனாலும் காரிருளில் பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பிசகாமல் கண்டுகொள்ளும். வந்து, பாடகன்மீதும் அவனைச் சுற்றிலும் தன் புழுக்குஞ்சுகளை இட்டுவிட்டுப் போய்விடும். அவை அவன் உடலைத் துளைத்து உள்ளே புகுந்து, ஏறக்குறைய ஒரு வாரம் அவனை உயிரோடு தின்று வளரும். அவை வெளியே வரும்போது அவன் கதை முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட காரியத்தைச் செய்யும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்பத் தம்மால் முடியவில்லை என, 1860இல் ஆசா கிரே என்ற தாவர அறிஞருக்கு டார்வின் கடிதம் எழுதினார். அந்தப் பெரிய வழக்கில் நான் நுழையப்போவதில்லை. என் மனத்தைப் பிடித்துக்கொண்டது சின்ன வழக்கு.

மார்லீன் ஜூக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1991 முதல் இந்தச் சுவர்க்கோழிகளை ஆராய்ந்து வந்தார். கவாய் என்ற தீவில் ஆண்டுக்கு ஆண்டு பாட்டு குறைந்துகொண்டே போயிற்று. 2001இல் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. இனமே அழிந்தது என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் 2003இல் போய்ப் பார்த்தால் புல்வெளி எங்கும் சுவர்க்கோழிகள்! சத்தம் மட்டும் இல்லை. ஆண்களில் பத்துக்கு ஒன்பதின் சிறகு வழவழவென்று இருந்தது. உரசினால் ஒலி எழாது. ஒலி எழாததால் ஈக்கும் வழி தெரியாது. இத்தனையும் இருபது தலைமுறைக்குள் நடந்த மாற்றம்.

இதைக் கேட்ட என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பார்த்தீரா ஐயா! தவளை தன் வாயால் கெடும் என்பதைப் பூச்சிகூடக் கற்றுக்கொண்டுவிட்டது. வாயைக் கட்டினால் பிழைப்பு!"

எனக்கு அதில் சம்மதமில்லை. எந்தப் பூச்சியும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாடத் தெரிந்தவை பாடின, மாண்டன. தாயிடமிருந்து மகனுக்கு வரும் ஒரு மரபணு மாற்றத்தால் சில ஊமையாகவே பிறந்தன. அவை மிஞ்சின. பேசக் கூடியவன் பேசாமல் இருந்தால் அதை அடக்கம் என்றோ, கோழைத்தனம் என்றோ சொல்லலாம். ஊமைக்கு ஏது மௌன விரதம்? இன்னும் ஒரு பரிதாபம்: அந்த வழவழப்புச் சிறகுகளை அவை இன்றும் பாடுவது போலவே அசைக்கின்றனவாம். ஆசை போகவில்லை, வாத்தியம்தான் போய்விட்டது.

சரி, பாடாமல் எப்படிக் கல்யாணம் ஆகிறது? இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. எங்கேயாவது ஒருவன் இன்னும் பாடிக்கொண்டிருப்பான். ஊமைகள் அவனருகே போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவன் குரலுக்கு மயங்கி வரும் பெண்ணை வழியில் மறித்துக்கொள்ளும். குரலும் அவனுடையது, ஈயும் அவனுக்கு.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், பல மாதமாக நிலுவையில் நின்ற படியைக் கேட்டு ஒரு குமாஸ்தா மனு எழுதினார். நாற்பது பேரில் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். படி நாற்பது பேருக்கும் வந்தது. அவருக்கு மட்டும் கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது. வழியனுப்பு உபசாரத்தில் மாலை மிகப் பெரிதாக இருந்தது.

அந்த முப்பத்தொன்பது பேரையும் கோழைகள் என்று ஏச எனக்கு நா எழவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள். வாடகை வீடு, வயதான தாயார். பயந்தார்கள், பயம் மனித சுபாவம். ஆனால் அவர்களில் ஒருவர் பிற்பாடு என்னிடம், "அவருக்கு விவேகம் போதாது சார்" என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயம் என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அவர் குரலில் வாங்கிய காசைப் பையில் வைத்துக்கொண்டு, விவேகம் என்கிறார்! சுவர்க்கோழி அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்லை. அதனாலேயே அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மொலொக்காய் என்ற இன்னொரு தீவிலிருந்து 2018இல் வேறொரு சங்கதி வெளியாயிற்று. அங்கே சில ஆண்கள் கத்துவதும் இல்லை, ஊமையும் இல்லை. பூனை உறுமுவது போல மெல்லிய ஒலி ஒன்று எழுப்புகின்றன. பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கேட்கிறது; ஈயின் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "ஓ, இது ரகசியம் பேசுகிறதாக்கும்!" என்றார்.

"ரகசியமோ என்னவோ, ஐயா, இது தன் குரலில் தானே பேசுகிறது" என்றேன்.