பலகார டப்பாவை ஒளிச்சு வைக்கலாமா?

 

தீபாவளி முடிஞ்ச கையோட கந்த சஷ்டி வந்துடும். ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையில விரதம் தொடங்கும், ஆறாம் நாள் சூரசம்ஹாரம். வாய்க்கு வஞ்சனை இல்லாம சாப்பிடுற நாளும், வாயைக் கட்டுற நாளும் நம்ம காலண்டர்ல பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கு. போன வருஷம் அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க வீட்ல நடந்த ஒரு விஷயத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

தீபாவளிக்கு அக்கா, மாமா, அவங்க பையன் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தாங்க. பையனுக்கு ஏழு வயசு. அதுக்கு முந்தின வருஷம் பண்டிகை முடிஞ்சதும் பல்வலியில ராத்திரி எல்லாம் தூங்காம அழுதிருக்கான். ரெண்டு பல்லை அடைக்க வேண்டியதாப் போச்சு. அதனால இந்தத் தடவை அக்கா ஒரு சட்டம் போட்டா: ஒரு நாளைக்கு ரெண்டு இனிப்பு, அவ்வளவுதான். மைசூர்பாகு டப்பா அலமாரியோட மேல் தட்டுக்குப் போயிடுச்சு. எண்ணி வச்சிருந்தா.

சஷ்டி முதல் நாள் ராத்திரி எண்ணிப் பார்த்தா அஞ்சு துண்டு குறையுது. "நீ எடுத்தியாடா?" "நான் எடுக்கலம்மா." கையை மோந்து பார்த்தா நெய் வாசனை. அடிக்கல. ஆனா, "பொய் சொன்னதுக்கு நாளையிலேர்ந்து ஒண்ணுகூட கிடையாது"ன்னு சொல்லிட்டா. நானும் விரதம் இருக்கிற பெருமையில, "மாப்ள, மாமாவைப் பாரு, ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே சாப்பிடல, உன்னால முடியாதா?"ன்னு கேட்டேன். அவன் அழுதுகிட்டே, "டப்பாவை எடுத்ததே தாத்தாதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு எனக்கு ரெண்டு குடுத்தாரு"ன்னான்.

வீடே அமைதியாயிடுச்சு. அப்பாவுக்கு எட்டு வருஷமா சுகர். அலமாரி மேல் தட்டு ஏழு வயசுப் பையனுக்கு எட்டவே எட்டாது. அதை எங்கள்ல ஒருத்தரும் யோசிக்கல. யோசிக்காமலே அவனைத் திருடன்னு முடிவு பண்ணிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பசியும் ஒரு காரணம். குழந்தைகளோட இனிப்பைக் கட்டுப்படுத்துறது சரியா தப்பா? சரின்னா, நாங்க எங்க தப்பு பண்ணோம்?

முதல்ல, கட்டுப்பாடே வேண்டாம்னு சொல்றவங்க பக்கம். "வருஷத்துல ஒரு நாள், சாப்பிட்டுப் போறான் விடு"ன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. ஒரு நாள்னா நானும் ஒத்துக்குவேன். ஆனா எண்ணிப் பாருங்க. விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, நவராத்திரிக்கு வீடு வீடா இனிப்பு, தீபாவளி, கார்த்திகைக்கு அப்பமும் பொரி உருண்டையும், கிறிஸ்துமஸ் கேக், நியூ இயர், அப்புறம் சர்க்கரைப் பொங்கல். ஆவணியில ஆரம்பிச்சு தை வரைக்கும் போகுது. நடுவுல ஆபீஸ்ல தர்ற ஸ்வீட் பாக்ஸ், பர்த்டே கேக். இது ஒரு நாள் இல்ல, அஞ்சு மாசம்.

உடம்பு கணக்கும் இருக்கு. ரெண்டு வயசுலேர்ந்து பதினெட்டு வரைக்கும் உள்ளவங்களுக்கு, தனியா சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்க இதய சங்கம் 2016ல சொல்லுச்சு. அது ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். பெரிய லட்டு ஒண்ணுலயே அதுல பாதி போயிடும். பல்லுக்கு எவ்வளவு சாப்பிடுறோம்கிறதோட எத்தனை தடவை சாப்பிடுறோம்கிறதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில இருக்கிற பாக்டீரியா சர்க்கரையை அமிலமா மாத்தும், எச்சில் அதைச் சரி பண்ண நேரம் எடுக்கும். நாலு துண்டைச் சாப்பாட்டோட ஒரே நேரத்துல சாப்பிடுறதைவிட, நாள் பூரா மணிக்கு ஒண்ணா கொறிக்கிறது பல்லுக்குக் கெடுதல்.

இன்னொரு விஷயம் படிச்சப்போ ஆச்சரியமா இருந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்துல பிரிட்டன்ல சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது, 1953லதான் எடுத்தாங்க. கருவுல இருக்கும்போதும் முதல் ரெண்டு வயசுலயும் அந்த ரேஷன் காலத்தைக் கடந்தவங்களுக்குப் பிற்காலத்துல சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவா இருந்ததுன்னு 2024ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. எட்டு வருஷமா மாத்திரை போடுற ஒருத்தரோட மகனா இதை என்னால சாதாரணமா கடந்து போக முடியல.

அப்போ அளவு வேணும். அக்கா அந்த விஷயத்துல சரிதான்.

ஆனா ஒளிச்சு வைக்கிறது வேலை செய்யுதா? 1999ல ஜெனிஃபர் ஃபிஷர், லீயன் பர்ச்னு ரெண்டு பேர் சின்னக் குழந்தைங்ககிட்ட ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வச்சு, எடுக்க மட்டும் விடல. குழந்தைங்க அதைப் பத்தியே பேசினாங்க, அதையே கேட்டாங்க, அதை எடுக்கத்தான் முயற்சி பண்ணாங்க. மேல் தட்டுல டப்பாவை வச்சா நம்ம வீட்லயும் அதேதான் நடக்கும். அன்னைக்கு எங்க வீட்ல மைசூர்பாகைப் பத்தி அதிகமா நினைச்சுக்கிட்டு இருந்த ரெண்டு பேர் யாருன்னா, அது மறுக்கப்பட்ட ரெண்டு பேர்: ஏழு வயசு ஒண்ணு, அறுபத்தஞ்சு வயசு ஒண்ணு.

இங்கதான் விரதம் எனக்கு ஒரு விஷயத்தைப் புரிய வச்சது. நான் ஆறு நாள் சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டேன். யாரும் பூட்டு போடல. நானே முருகன்கிட்ட சொல்லி ஏத்துக்கிட்டது, அதனால அது பாரமா தெரியல. மருமகன் மேல இருந்த கட்டுப்பாடு அவனுக்கு வெளியிலேர்ந்து வந்தது, அதனால அது வெறும் தடை. என் விரதத்தை அவனுக்கு உதாரணமா காட்டினது எவ்வளவு அபத்தம்னு அப்புறம்தான் உறைச்சது. ஏழு வயசுல அவனால தானா அளவை ஏத்துக்க முடியாது, உண்மை. நாளைக்கு வர்ற பல்வலி இன்னைக்கு அவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால பெரியவங்கதான் அளவு வைக்கணும். ஆனா ஒரு நாள் அதை அவனே ஏத்துக்கிற மாதிரி வைக்கணும்.

எங்க வேலையில ரேட் லிமிட்னு ஒண்ணு உண்டு. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை ரிக்வெஸ்ட்தான்னு சர்வர் முன்கூட்டியே சொல்லிடும். யாருக்கு என்ன அளவுங்கிறது வெளிப்படையா இருக்கும், ஏன்னு காரணமும் இருக்கும். மூட் சரியில்லைன்னு சர்வர் அளவை மாத்தாது. நாங்க அப்படியா இருந்தோம்? அவனுக்கு ரெண்டுன்னு சொல்லிட்டு, அவன் முன்னாடியே நாங்க எல்லாரும் டீயோட நாலு அஞ்சுன்னு சாப்பிட்டோம். பொய் சொன்னான்னு இனிப்பை நிறுத்தினோம். பல்லுக்காக வந்த அளவு, ஒரே ராத்திரியில தண்டனையா மாறிடுச்சு.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச மாம்பழக் கதையை நினைச்சுப் பாருங்க. முருகன் கோபிச்சுக்கிட்டு மலையேறினது பழம் கிடைக்கலைன்னா? உலகத்தையே சுத்தி வந்தவருக்கு ஒரு பழமா பெருசு? போட்டியோட அர்த்தம் தனக்குப் புரிஞ்சது ஒண்ணு, தீர்ப்பு வேற ஒண்ணுங்கிற வருத்தம்னுதான் எனக்குத் தோணுது. என் மருமகனும் மைசூர்பாகுக்காக மட்டும் அழல.

சூரசம்ஹாரத்தையும் பாருங்க. சூரன் மாமரமா நின்னப்போ வேல் அதை ரெண்டா பிளந்தது. ஆனா முருகன் அவனை இல்லாம பண்ணிடல. மயிலாக்கி வாகனமா வச்சுக்கிட்டார், சேவலாக்கிக் கொடியில வச்சுக்கிட்டார். ஆசைக்கும் அதே வழிதான்னு நினைக்கிறேன். குழந்தையோட இனிப்பு ஆசையை அழிக்க வேண்டாம், அதுக்கு ஒரு இடம் குடுத்தா போதும். பழனியில பஞ்சாமிர்தமே பிரசாதம். இனிப்பு பாவம்னு நம்ம சாமி சொல்லவே இல்ல.

நம்ம பெரியவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு. தீபாவளி காலையில முதல்ல லேகியத்தை நாக்குல தடவிட்டுதான் பலகாரம். இஞ்சி, ஓமம், திப்பிலி போட்டுக் கிண்டின லேகியம். அன்னைக்கு எல்லாரும் அதிகமா சாப்பிடுவாங்கன்னு ஒத்துக்கிட்டு, அதுக்கு முன்னேற்பாடும் பண்ணியிருக்காங்க. யாரையும் திருடனாக்கல.

அப்பா விஷயம் வேற. அவர் பெரியவர், தன் உடம்பைப் பத்தி முடிவு எடுக்கிற உரிமை அவருக்கு உண்டு. ஆனா தன் ஆசையை மறைக்க ஒரு குழந்தையைத் துணைக்குச் சேர்த்துக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. மறுநாள் காலையில அதை நாங்க யாரும் அவர்கிட்ட சொல்லல, அவரே புரிஞ்சுக்கிட்டார். பேரனைப் பக்கத்துல உட்கார வச்சு, "தாத்தா பண்ணது தப்புடா, உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு"ன்னார். அக்காவும் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டா.

டப்பா கீழே வந்துடுச்சு. மதியச் சாப்பாட்டோட எல்லாருக்கும் இனிப்பு, எந்த ரெண்டு வேணும்னு அவனே எடுத்துக்கலாம், அதுக்கப்புறம் யாருக்கும் கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது! அப்பா அரைத் துண்டு எடுத்துக்கிட்டார், எல்லார் முன்னாடியும். மூணாவது நாள் பையன் ஒரு துண்டோட நிறுத்திட்டான். நாலாவது நாள் மூணு கேட்டு அடம் பிடிச்சான். குழந்தைதானே.

கடைசியா ஒண்ணு. இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இன்னும் அப்பா அம்மா ஆகல. நாம மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி. ஊருக்குப் போகும்போது பை நிறைய சாக்லேட் வாங்கிட்டுப் போய் நல்ல பேர் வாங்குற ஆளுங்க. அந்த நல்ல பேருக்கான விலையை, வருஷம் பூரா "வேண்டாம்"னு சொல்லிக் கெட்ட பேர் வாங்குற அம்மாதான் குடுக்கிறா. இந்தத் தீபாவளிக்குப் போறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் பண்ணி, "என்ன அளவு வச்சிருக்க, நானும் அதுலயே இருந்துக்கிறேன்"னு கேட்கப் போறேன். சஷ்டிக்கு முன்னாடியே தொடங்குற ஒரு சின்ன விரதம்னு வச்சுக்கலாம்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!