உப்பு முன்னே, நீர் பின்னே

தூத்துக்குடி மக்ரூனுக்குப் பல் தேவையில்லை. முந்திரியும் முட்டை வெண்கருவும் சீனியும் சேர்ந்து காய்ந்து நிற்கிற அந்தக் கூம்பை நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டால் போதும், சற்று நேரத்தில் இருந்த இடம் தெரியாது. செய்தவரின் கைப்பக்குவத்தைப் புகழ்கிறோம். கரைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. வறண்ட வாயில் அதே மக்ரூன் வெறும் தூள். கரையாத பண்டத்தின் ருசியை நாக்கு அறியாது.

காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்கின் கீழே ஒரு ஜோடி. இவை தவிர உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன. அத்தனையும் இரத்தத்திலிருந்து எடுத்த நீர். துணியில் கஷாயம் வடிகிற மாதிரி இரத்த அழுத்தம் தள்ள, நீர் கசிகிறது என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் நாயின் தாடைச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டி, உமிழ்நீர்க் குழாயில் எழும் அழுத்தத்தை அளந்தார். அது தமனியின் அழுத்தத்தையும் தாண்டி ஏறியது. தள்ளுகிறவனைவிடத் தள்ளப்பட்டது வலுவாக நிற்க முடியாது. ஆகவே இது இரத்தம் தள்ளிய நீர் அல்ல. சுரப்பி தானாக ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது என்பது முழுதாக விளங்க இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளங்கியபோது தெரிந்த செய்தி இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை: சுரப்பியின் செல் தண்ணீரைத் தொடுவதே இல்லை. நம் உடலில் எந்தச் செல்லிடமும் தண்ணீரை இறைக்கும் பொறி கிடையாது. செல்லால் நகர்த்த முடிந்தது உப்பை மட்டும்தான். உப்பு போன வழியே தண்ணீர் பின்தொடர்கிறது.

அந்தச் செல்லுக்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் இரத்தத்தை நோக்கி, மறு பக்கம் வாய்க்குப் போகும் குழாயை நோக்கி. இரத்தப் பக்கத்துச் சுவரில் ஒரு புரதம் ஓயாமல் உழைக்கிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே அனுப்பி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கும். ஒவ்வொரு முறைக்கும் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. உள்ளே சோடியம் குறைந்துகொண்டே இருப்பதால் வெளியிலுள்ள சோடியம் திரும்ப நுழையத் தவிக்கும். அது நுழையும் வாசலில் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பொட்டாசியத்தையும் இரண்டு குளோரைடையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். இப்படிச் செல்லுக்குள் குளோரைடு சேர்கிறது. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருள் சொட்டியதும் செல்லுக்குள் கால்சியம் எழும். வாய்ப் பக்கத்தில் குளோரைடின் கதவு திறக்கும். குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. அது வெளியேறியதும் சோடியம் செல்களுக்கு இடையிலுள்ள நெருக்கமான சந்துகள் வழியே அதைத் தேடி வந்து சேர்கிறது. இப்போது குழாயின் வாயில் உப்பு கூடியிருக்கிறது. நீர் வராமல் இருக்குமா? அக்வாபோரின் என்னும் நுண்வாசல் வழியே வந்துவிடுகிறது.

சோடியத்தை இறைக்கும் அந்தப் புரதத்தைக் கண்டது 1957இல், டென்மார்க்கில். யென்ஸ் ஸ்கௌ கரையோர நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்தார். நோபல் பரிசு 1997இல் வந்தது. நம் கரையில் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுகிறபோது யாரும் அந்தப் புரதத்தை நினைக்க வேண்டியதில்லை. அது நம் வாயில் அப்போதும் வேலையில்தான் இருக்கும்.

இதில் நான் நின்று பார்ப்பது ஒன்றை. உழைப்பு நடக்கிற இடம் வேறு, நீர் பெருகுகிற இடம் வேறு. இறைக்கும் புரதம் இரத்தத்தின் பக்கம் முகம் வைத்து நிற்கிறது. வாயை அது கண்டதே இல்லை. அது வெளியே தள்ளும் திசைக்கு நேர் எதிரில் நீர் பொங்குகிறது. அருளைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்கிற கேள்வி: முயற்சியால் வருவதா, தானாக வருவதா? இந்தச் செல்லைக் கேட்டால் இரண்டில் எதைச் சொல்லும்? முயற்சி இல்லையென்றால் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் எந்த முயற்சியும் அந்தச் சொட்டின் மேல் கைவைக்கவில்லை.

கதை இங்கே பாதிதான். முதலில் ஊறும் நீரில் இரத்தத்தின் அளவுக்கே உப்பு இருக்கும். அது அப்படியே வாய்க்கு வந்தால் நாக்கு எப்போதும் உப்பிலேயே ஊறிக்கிடக்கும். வழியில் நீண்ட குழாய். அதன் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்குக் கொஞ்சம் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் தருகின்றன. குழாயின் சுவர் தண்ணீரைக் கடத்தாது. ஆகவே உப்பு வீடு திரும்ப, நீர் தனியே நிற்கிறது. 1954இல் தைசன் என்ற ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும் இப்படி இரண்டு படிகள் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார்கள். முத்தையாபுரம் பக்கம் உப்பளப் பாத்திகளில் வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவைக்கும். கன்னத்துக்குள் நடப்பது அதன் மறுதலை. நீர் மெல்ல நடந்தால் உப்பு அநேகமாக முழுதும் திரும்பிவிடும். வேகமாக ஓடினால் எடுத்துக்கொள்ள நேரம் போதாது, கரிப்பு கூடும். நிதானத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை இவ்வளவு துல்லியமானது.

உப்பு குறைந்த நாக்குதான் உப்பை அறியும். குழம்பில் ஒரு கல் உப்பு குறைகிறது என்று பாட்டி சொல்வது, அந்தக் குழாய் தன் வேலையைச் செய்து நாக்கை வெறுமையாக வைத்திருப்பதால்.

திருச்செந்தூரில் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகிறவர்கள், கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுவதை முருகன் வேலால் வந்தது என்று கும்பிடுகிறார்கள். கும்பிட்டு முணுமுணுக்கிற அந்த வாயிலும் இரத்தத்தின் கரிப்பிலிருந்து நல்ல நீர் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே கடலில் சீலாவுக்கும் விளமீனுக்கும் இதே பொறிதான், பயன் மட்டும் வேறு. அவற்றின் இரத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உப்பு சுற்றிலும் இருக்கிறது. உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருப்பதால் மீன் கடல்நீரைக் குடிக்கும். குடித்த உப்பைச் செவுளால் வெளியேற்றும். இரத்தப் பக்கம் சோடியம் இறைக்கும் புரதம், அதே நிபந்தனை வாசல், வெளிப்பக்கம் குளோரைடு கதவு, செல்களுக்கு நடுவே சோடியத்தின் வழி. ஏற்பாடு அதேதான். நாம் நீருக்காக உப்பை அனுப்புகிறோம். மீன் உப்பையே அனுப்பத்தான் அனுப்புகிறது. முத்துச்சிப்பி இந்தப் போராட்டத்தில் இறங்கவே இல்லை. அதன் உடல்நீரின் உப்பு கடலின் உப்புக்குச் சமம். கடலடிப் பார்களில் பரதவர் குளித்தெடுத்த அந்தச் சிப்பி, மழையில் கடல் நீர்த்தால் தானும் நீர்த்துப் போகும்.

உமிழ்நீரை நாம் தீண்டத்தகாததாக வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும்வரை நம்முடையது. ஒரு விரல்கடை தாண்டினால் எச்சில். சுத்தம் கருதி அது சரிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் காளத்தியில் கண்ணப்பர் ஆற்று நீரை வாயில் முகந்து கொண்டுவந்து இறைவனுக்குத் திருமஞ்சனமாக உமிழ்ந்தார்; இறைவன் அதை விரும்பி ஏற்றதாகத்தான் சேக்கிழார் பாடியிருக்கிறார். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்டு வளர்ந்த நற்செய்தியில், இயேசு தரையில் உமிழ்ந்து சேறாக்கிப் பார்வையற்றவரின் கண்ணில் பூசுகிறார். கொஞ்சம் தெற்கே காயல்பட்டினத்தில் நோன்பாளிக்குத் தண்ணீர் கூடாது, தன் உமிழ்நீரை விழுங்கினால் மட்டும் நோன்பு முறியாது. இந்தக் கரையில் வாழும் மூன்று வழியினரும், நாம் அருவருக்கிற அந்த நீருக்கு ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணை மூடி, "சுரக்கட்டும்" என்று ஆணையிட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. பச்சை மாங்காயை உப்பில் தொட்டுக் கடிப்பதாக நினைத்தால் போதும், தாடைக்குள் ஊற்று கண் திறந்துவிடும். ஆணைக்குப் பணியாதது நினைப்புக்கு இசைகிறது. அச்சத்தில் வாய் வறள்வதும் இதனால்தான். நீரூட்டும் நரம்பு அமைதியின் நரம்பு, பதற்றத்தில் அது ஒடுங்கிவிடும். தூக்கத்திலும் ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுபோகும். ஜபத்தில் உட்கார்ந்து மூச்சு தணிந்தபின் நாக்கடியில் ஈரம் கூடுவதை உணர்ந்தவர்கள் உண்டு. அதைப் பெரிய அனுபவமாகச் சொல்லித் திரிய வேண்டாம். நரம்பு தளர்ந்தது, அயனி நகர்ந்தது, அவ்வளவே. அவ்வளவே என்று சொல்லிவிட்டாலும் அது சிறியதாகிவிடுவதில்லை.

இந்தச் சுரப்பு நின்றுபோனவர்களை மருத்துவமனைகளில் பார்க்கலாம். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள். பலருக்குச் சுரக்கும் செல்கள் மடிந்துவிடும். ஒரு கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது. பல் சொத்தையாகும், இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீரைக் கடத்தாத அந்தக் குழாய்ச் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் புரூஸ் பாமும் அவருடைய குழுவினரும் அக்வாபோரினுக்கான மரபணுவைக் காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியின் குழாய் வழியே செலுத்திப் பார்த்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 11 நோயாளிகள், அவர்களில் சிலருக்கு நீர் கூடியது, வறட்சி தணிந்தது. மருத்துவர்கள் கொடுத்தது தண்ணீருக்கு ஒரு வாசல் மட்டும்தான். உப்பை முன்னே அனுப்பும் வேலையை, பொட்டாசியமும் பைகார்பனேட்டும் தரும் அந்தச் செல்களே செய்யும் என்று நம்பி விட்டுவிட்டார்கள்.