சீட்டாட்டச் சொற்களும் வாய்மையும்

சூதாட்டம் தீதா, அன்றா என்பது பழைய வினா. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதனினும் குறுகியது. போக்கர் எனும் சீட்டாட்டத்தில் 'பிளஃப்' எனப்படும் செயலைப் பொய் எனக் கொள்ளலாமா? கொள்ள இயலாதெனின், அச்சொல்லை வணிகத்துக்கும் அரசியலுக்கும் எடுத்துச் செல்வோர் அதன் குற்றமின்மையையும் உடன் எடுத்துச் செல்ல முடியுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களிலும் பரவிய ஆட்டம் போக்கர். ஆடுவோர் தத்தம் சீட்டுகளை மறைத்து வைத்துப் பந்தயம் கட்டுவர். பந்தயத்தை ஏற்க விரும்பாதவர் சீட்டுகளைக் கீழே வைத்து விலகலாம். வலுவற்ற சீட்டுகளுடன் பெருந்தொகை கட்டி ஏனையோரை விலகச் செய்வதே பிளஃப். இஃது ஆட்டத்தின் உயிர்நிலை எனலாம். ஜோன் வொன் நொய்மானும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் ஆட்டக் கோட்பாடு பற்றி 1944 இல் வெளியிட்ட நூல் இதனைக் கணித வழியில் ஆராய்ந்தது. ஒருபோதும் பிளஃப் செய்யாதவன் பெருந்தொகை கட்டும்போதெல்லாம் அவனிடம் வலுவான சீட்டு உண்டென அறிந்து மற்றையோர் விலகிவிடுவர். அவனது நல்ல சீட்டும் அவனுக்கு உரிய பயனைத் தராது.

பொய் என்பது யாது? நம்புமாறு ஒருவரை அழைத்து, அந்நம்பிக்கையை முறிப்பதே பொய். போக்கர் மேசையில் அத்தகைய அழைப்பு இல்லை. அமர்ந்தோர் யாவரும் பிளஃப் நிகழுமென அறிவர், விரும்பியே அமர்ந்தனர், சிறு இழப்புடன் விலகவும் அவர்களால் இயலும். அறிவு, விருப்பு, விலகும் வழி ஆகிய மூன்றுமே பிளஃப்பைப் பொய்யினின்று பிரிக்கின்றன. சீட்டை ஒளித்தெடுப்பதையும் சீட்டில் இரகசிய அடையாளமிடுவதையும் அதே மேசை மோசடியென விலக்குகின்றது. அவற்றுக்கு எவரும் உடன்படவில்லை.

1968 இல் 'ஹாவார்ட் பிஸ்னஸ் ரிவியூ' ஏட்டில் அல்பேட் கார் என்பார், வணிகமும் போக்கரைப் போன்றதோர் ஆட்டம் என்றும், அதன் ஒழுக்கம் தனிவாழ்வின் ஒழுக்கத்தினின்று வேறானது என்றும் வாதிட்டார். எதிரெதிரே அமர்ந்து பேரம் பேசும் இரு பெருவணிகரைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், இலாபம் ஈட்டும் ஆலையின் முதலாளி 'கொடுக்கப் பணமில்லை' எனக் கூற, அதனை நம்பிக் குறைந்த கூலிக்கு இணங்கும் தொழிலாளியின் நிலை யாது? தான் ஓர் ஆட்டத்தில் இருப்பதை அவன் அறியான். அம்மேசையை அவன் தெரிந்தெடுக்கவுமில்லை. விலகினால் அவன் இழப்பது குடும்பத்தின் உணவை. அங்கே மேசையின் சொல் மாத்திரம் வந்துள்ளது. மேசையின் உடன்பாடு வரவில்லை.

மேசையிலேயே அவ்வுடன்பாடு எப்போதும் நிறைவானதன்று என்பதை ஆட்டக்காரரின் குழூஉக்குறிகள் காட்டிக்கொடுக்கின்றன. திறமையற்றவரை அவர்கள் 'மீன்' என்பர்; அவரை இரையாக்குபவர் 'சுறா'. பணமோ 'சிப்ஸ்' எனும் வண்ண வில்லைகளாக மாறிவிடுகின்றது. ஒருவரின் மாதச் சம்பளத்தைப் பறிப்பதிலும் சில வில்லைகளைத் தம் பக்கம் இழுப்பது மனத்துக்கு இலகு. மீனெனப்படுபவர் அப்பெயரைப் பெரும்பாலும் தம் காதாற் கேட்பதில்லை. தாம் எத்தகையோருடன் அமர்ந்துள்ளோம் என அறியாதவரின் விருப்பு முழுமையான விருப்பாகுமா?

இதே மேசையிலிருந்து வேறொரு சொல்லும் வெளியே வந்தது. சீட்டைப் பகிரும் முறை யாருடையது என்பதைக் காட்ட வைக்கப்பட்ட பொருள் 'பக்' எனப்பட்டது. பகிர விரும்பாதவர் அதனை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். நாளடைவில், பொறுப்பைப் பிறர்மேற் சுமத்துவதற்கு அது பெயராயிற்று. 1945 முதல் 1953 வரை ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த ஹரி ட்ரூமன், அந்தப் 'பக்' இவ்விடத்தில் நின்றுவிடும் எனும் பொருள்பட்ட பலகையொன்றைத் தம் மேசைமீது வைத்திருந்தார். ஆட்டத்திற் குற்றமற்றிருந்த தள்ளுதல் ஆட்சியிற் குற்றமாகும் என்பதே அப்பலகை உணர்த்திய நீதி. பிளஃப்புக்கும் அதுவே பொருந்தும். பொதுவாழ்வில் எவரேனும் தம் கூற்றை 'வெறும் பிளஃப்' என நியாயப்படுத்தும்போது, எதிரே இருந்தவர் அறிந்திருந்தாரா, விரும்பியிருந்தாரா, விலக அவரால் முடிந்ததா என வினவுதல் நம் கடன். இவற்றுள் ஒன்றற்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், அங்கு நிகழ்ந்ததற்குப் பொய் என்பதே பெயர்.